ஐந்தாம் வருடப் பொட்டலம்

"ஏசுசாமி மூணு நாள்ல எழுந்துட்டாரு. இந்தப் புல்லு எத்தினி நாள்ல எழும்?"

இது ஒரு குழந்தை கேட்ட கேள்வி. கேட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மாதா கோயில் வராந்தாவில், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில், ஞானோபதேச வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பிள்ளைகளோடு, கன்னியர் விடுதியில் தங்கிப் படித்த மலைப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள்தான். அந்த நேரத்தில் உட்கார வேறு இடமில்லாததால் அங்கே உட்கார்ந்தார்கள். உபதேசியார் காலியான கல்லறையின் கதையைச் சொல்லி முடித்து, "யாருக்காச்சும் சந்தேகம் இருக்குதா?" என்றார். எப்போதும் கேட்பார், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு ஒரு கை உயர்ந்தது. அந்தக் கைக்குள் ஒரு கொத்துப் புல் இருந்தது. பாறை இடுக்கில் முளைக்கிற சின்னப் புல். கோடையில் நெருப்பில் வாட்டியது போலச் சுருண்டு கருத்துக் கிடக்கும்.

வகுப்பு சிரித்தது. உபதேசியார் நல்ல மனிதர், இருந்தும் அன்றைக்கு அவருக்கு அது கேலியாகப் பட்டுவிட்டது. கேட்ட பிள்ளையை வெளியே மணலில் மண்டிபோடச் சொன்னார். சித்திரை வெயில். அவள் போய் மண்டிபோட்டாள். புல்லை மட்டும் கீழே போடவில்லை.

அந்தக் கேள்விதான் ஆக்சிலியாவின் விண்ணப்பத்தில் முதல் வரியாக இருந்தது. உயிரியல் ஆராய்ச்சியில் புதிதாகக் கால் ஊன்றுகிறவர்களுக்குத் தருகிற ஒரு விருதுக்கான விண்ணப்பம். கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் சம்பளம், சொந்தமாக ஒரு சின்ன ஆய்வகம். சேலத்தில் ஒரு கல்லூரியில் பதினோரு மாத ஒப்பந்தங்களில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தைந்து வயது நிறையாதவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். அவள் பிறந்தது சகாய மாதா திருநாளில். அதனால்தான் ஆக்சிலியா என்று பெயர் வைத்தார்கள். இந்த மே இருபத்துநாலில் முப்பத்தைந்து நிறைகிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் அதற்கு ஒன்பது நாள் முந்திய திங்கள்கிழமை, மாலை ஐந்து மணி. இந்தக் கதவு இதோடு மூடிக்கொள்ளும்.

'இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படித் தோன்றியது?' என்று படிவத்தில் ஒரு பெட்டி. அதில் அவள் எழுதியிருந்தாள்: எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஞானோபதேச வகுப்பில் நான் கேட்டேன்.

கேட்டது அவள் இல்லை. அவள் கேட்டவளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். சிரித்தவர்களில் ஒருத்தி. கேட்டவள் சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் இருந்த பூவிழி. மண்டிபோட்டு எழுந்த சாயந்திரம் தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு கொட்டாங்கச்சியில் அந்தப் புல்லை வைத்து நீர் ஊற்றியதும் பூவிழிதான். இரண்டாம் நாள் காலை அது பச்சையாகி நின்றது. "பாத்தியாடி, ரெண்டே நாளு" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப இது எத்தினி வருசம் செத்துக் கெடந்தாலும் எழுமா ஆக்ஸி?" என்று கேட்டாள். ஆக்சிலியா இப்போது ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்வதெல்லாம் அந்த இரண்டாவது கேள்விதான்.

ஏழாம் வகுப்பில் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ஆக்சிலியா அந்தப் புல்லைக் கொண்டுபோனாள். பூவிழி சாமை அறுப்புக்கு லீவு போட்டு மலைக்குப் போயிருந்தாள். நடுவராக வந்தவர் குனிந்து பார்த்து, "இந்தக் கேள்வி யாரும்மா கேட்டது?" என்றார். "நான்தான் சார்" என்று வாய் சொல்லிவிட்டது. ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கல்லூரிச் சேர்க்கையில், முனைவர் பட்ட நேர்காணலில், கருத்தரங்குகளில் அந்தக் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் மணல் கொஞ்சம் சூடேறியது, வெயில் கொஞ்சம் கூடியது. சில நாள் அவள் முழங்காலே வலிப்பதாகத் தோன்றும். அது பொய் என்று அவளுக்கு உறைத்தே எத்தனையோ வருடமாகிவிட்டது.

*

சனிக்கிழமை காலை ஊரில் வீட்டின் பின்னறையில் மூங்கில் கூடையை இறக்கினாள். ராகி மூட்டை அடுக்கிய அறை. எந்த மழைக்கும் சொட்டாது, எந்தக் காற்றும் நுழையாது. கல்லூரி ஆய்வகத்தில் ஐப்பசியில் கூரை ஒழுகும். அதனால் காய்ந்த புற்களைக் காகித உறைகளில் போட்டு இங்கேதான் தொங்கவிட்டிருந்தாள். ஒரு வருடம் காய்ந்த இருபத்துநாலில் இருபத்தொன்று எழுந்தது. இரண்டு வருடம் காய்ந்ததில் பதினைந்து. இன்றைக்கு மூன்றாம் வருடத்துக் கூடை. இப்போது நனைத்தால் திங்கள் காலை எண்ணிவிடலாம். படிவத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

முதல் உறையைப் பிரித்ததும் அவள் கை நின்றது. உறையின் அடியில் வட்டமாக ஒரு கறை. புல் கருத்துச் சுருண்டிருக்க வேண்டும். அது வைக்கோல் நிறத்தில் விரிந்து, அப்படியே காய்ந்திருந்தது. இரண்டாவது உறையிலும் அப்படித்தான். மூன்றாவதில் பூஞ்சை. இருபத்துநாலு உறையிலும் இருபத்துநாலு வட்டக் கறை. நடுவில் ஒரு நாள் விழித்து, யாரும் வரவில்லையே என்று மறுபடியும் தூங்கப் போனது போல இருந்தன அந்தப் புற்கள்.

"ம்மா... இந்த ரூமுக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு?"

ராஜமேரி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கூடையைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ தவறாகிவிட்டது என்று புரிவதற்கு முன்னாலேயே அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, பாஸ்கா பூசையில மந்திரிச்ச தீர்த்தம் கண்ணு. பாட்டல்ல கொண்டாந்தேன். உனக்கு இந்தப் பரிசு கெடைக்கோணும்னு ஒரு ஒரு கவருக்கும் ஒரு மூடி..." அவள் கையால் ஊற்றிக் காட்டினாள். "வெதைக்குத் தெளிக்கிறோமில்ல? தெளிச்சாத்தான நல்லா வெளையுது."

ஆக்சிலியா உறையை மடித்துக் கூடையில் வைத்தாள். மூன்று வருடம் இந்த அறையைத் தண்ணீர்விட்டுத் துடைக்காமல், உலை ஆவி வராமல் கதவைச் சாத்தி, பேரப் பிள்ளையைக் காப்பது போலக் காத்தவள் இவள்தான். அப்படிக் காத்ததன் மீது இருந்த பிரியத்தினாலேயே இதையும் செய்துவிட்டாள். திட்டுவதற்கு எந்தப் பக்கம் பிடிப்பது?

வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா கஸ்பார் எட்டிப் பார்த்தார். "தீர்த்தம் பட்டு புல்லு எழுந்துடுச்சில்ல? அப்ப புதுமைன்னு எழுதி அனுப்பு. பிஷப்பே வந்து பாப்பாரு."

"நீங்க சும்மா போறீங்களா?" என்றாள் ராஜமேரி. அவள் கண் நிறைந்திருந்தது.

பதினோரு மணிக்கு வழிகாட்டிப் பேராசிரியர் மாதவராஜ் போனில் பேசினார். ஓய்வு பெற்றும் மாணவர்களை விடாதவர். "நம்பர் வந்துச்சாம்மா?"

"திங்கக்கிழமை காலைல தெரியும் சார்."

"மூணு வருஷ நம்பர் இருந்தா தேர்வுக் குழு நிமிர்ந்து உக்காரும். அப்புறம் அந்தக் குழந்தைக் கேள்வி. மத்ததை எல்லாம் வெட்டு, ஒட்டு, அதை மட்டும் தொடாத. ஐந்நூறு விண்ணப்பத்துல உன்னுதை அவங்களுக்கு ஞாபகம் வைக்கப் போறது அந்த ஒரு பொண்ணுதான். மண்டிபோட்ட பொண்ணு."

"சரிங்க சார்."

மதியம் மடிக்கணினியைத் திறந்து அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மரவள்ளிக் காடு வெயிலில் அசையாமல் நின்றது. மின்விசிறி சுற்றியும் காற்று நகரவில்லை. இருபத்தொன்று, பதினைந்து. அடுத்து எவ்வளவு இருக்கும்? பத்து. கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய அதுதான் வரும். பத்து என்று தட்டினாள். அந்த எண் வெகுநாளாக அந்தக் கட்டத்திலேயே குடியிருந்தது போல அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. அதை அழிக்கவில்லை. மூடிவைத்துவிட்டுப் படுத்தாள்.

தீமை பெரும்பாலும் கொம்போடு வருவதில்லை. வெயில் நேரத்தில், விசிறிச் சத்தத்தில், நியாயமான ஓர் எண்ணைப் போல வருகிறது.

சாயந்திரம் ராஜமேரி காபியோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். "ஒண்ணு உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன் பாப்பா. போன வருசம் சந்தையில உங்கூடப் படிச்ச பூவிழியப் பாத்தேன். உன்னக் கேட்டா. புல்லு வெச்சு ஆராய்ச்சி பண்றான்னேன். 'நானும் பொட்டலம் கட்டி வெச்சிருக்கேன் ஆன்ட்டி, வருசா வருசம் வெக்கிறேன்'னு சொன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வர்றியா?"

பூவிழி என்ற பெயரைக் கேட்டதும் காபியைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருடமாக அவளைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கஸ்பார் வண்டியில் கொண்டுவந்து மலைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். சன்னலோரம் இடம் கிடைத்தது. பேருந்து வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. இரண்டு பக்கமும் இலையுதிர்ந்த காடு, நடுநடுவே கரும்பாறைகள். அந்தப் பாறைகளின் இடுக்குகளிலெல்லாம் புல் தூங்கிக்கொண்டிருந்தது. இது தெரிந்த கண்ணுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு வெறும் கருப்பு.

அவளுக்கும் கண் அசந்தது. கனவில் மாதா கோயில் மணல் தெரிந்தது. அவள் மண்டிபோட்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே மணல் சுடவில்லை, ஈரமாக இருந்தது. சுற்றிலும் பச்சையாகப் புல் எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ சின்னக் குரலில், "கொஞ்சம் நவுரு. இது என் எடம்" என்றார்கள். கோபமில்லாத குரல். திரும்பிப் பார்ப்பதற்குள் பேருந்து குலுங்கி நின்றது.

பூவிழியின் வீடு தகரக் கூரை போட்டது. வாசலில் சாக்கு விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கையில் மரச்சுத்தி. ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்தாள். உடனே சுத்தியைப் போட்டாள்.

"அடியே, ஆக்ஸி!" என்று எழுந்து, புளிக் கையைச் சேலையில் துடைத்து, பிறகும் தொடத் தயங்கி நின்றாள். ஆக்சிலியாதான் அந்தக் கையைப் பிடித்தாள்.

"டாக்டரம்மா ஆயிட்டியாம்ல. உங்கம்மா சொன்னாங்க. புல்லுக்கு டாக்டரு! இங்க எங்க ஆட்டுக்கு ஒரு டாக்டரு வர மாட்டேங்கறான், புல்லுக்கு வந்துட்டா பாரு."

"ஆட்டுக்கு என்ன?"

"அதுக்கு ஒண்ணுமில்ல, கொழுப்பு. நீ உள்ள வா."

ராகிக் களி கிளறி, கீரை கடைந்து போட்டாள். கணவன் முனிராஜ் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். பெரிய பெண் அரூரில் பன்னிரண்டாவது. எட்டாவதோடு படிப்பு நின்றதைப் பற்றிப் பூவிழி ஒரு வரிதான் சொன்னாள்: "அப்ப எங்கப்பாவுக்கு ஒடம்பு முடியல, நின்னுட்டேன்." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கீரை ஊற்றினாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஆக்சிலியா, "பொட்டலம்னு அம்மா சொன்னாங்க" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

பூவிழிக்கு வெட்கம் வந்துவிட்டது. "அய்ய, அது சும்மாடி. நீ பாத்தா சிரிப்ப." பரண் மேலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை எடுத்தாள். அதற்குள் அவரை விதை, பூசணி விதை, சுரை விதை எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக இருந்தன. தினமும் கிழிக்கிற காலண்டர் தாளில் மடித்தவை. "என்னிக்கு எடுத்து வெச்சோம்னு தாள்லயே தேதி இருக்குதில்ல, தனியா எழுத வேணாம்." டப்பாவின் அடியில், நூல் சுற்றித் தனியாக ஒரு கட்டு. அவையும் காலண்டர் தாள்கள்தான்.

"கொரானாவுல பிள்ளைங்க எல்லாம் வூட்லயே கெடந்துச்சுங்க. பாறை மேல வெளையாடப் போயி எம்பொண்ணு இந்தப் புல்லப் புடுங்கியாந்து, 'ஏம்மா, இது செத்துப்போச்சா?'ன்னா. அப்பதான் உன் ஞாபகம் வந்துச்சு. சரி, பாப்போமேன்னு பங்குனி மாசத்துல பத்துப் பத்தா மடிச்சு அஞ்சு பொட்டலம் கட்டுனேன். வருசத்துக்கு ஒண்ணு பிரிச்சுத் தண்ணி ஊத்திப் பாக்குறது."

பிரித்த பொட்டலங்களின் தாள்களையும் அவள் எறியவில்லை. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் எழுதியிருந்தது. விடுதியில் கன்னியர் பழக்கிய அதே குண்டு எழுத்து. ஆக்சிலியா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

ஒரு வருசம். ஒன்பது எழுந்தது.

இரண்டு வருசம். ஏழு எழுந்தது.

மூணு வருசம். நாலு எழுந்தது. இரண்டைக் கோழி கொத்திவிட்டது. அது எழுந்திருக்குமா தெரியல.

நாலு வருசம். மூணு எழுந்தது. லேட்டா எழுந்தது. அஞ்சு நாள்.

மூன்றாம் வருடத் தாளை மட்டும் ஆக்சிலியா வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். தாளின் முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அச்சிட்டிருந்தது. பின்பக்கம், 'தெரியல'. இதை யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? எந்தக் குழு? கோழி கொத்தின இரண்டையும் எழுந்ததில் சேர்த்திருக்கலாம், எழாததில் சேர்த்திருக்கலாம், எழுதாமலே விட்டிருக்கலாம். இந்த மலையில் ஒரு மனுஷி அப்படிச் செய்ய நினைக்கவே இல்லை. கோழி கொத்தியது, அதனால் தெரியாது. அவ்வளவுதான்.

மடிக்கணினிக்குள் மூடிவைத்திருந்த 'பத்து' அவள் நினைவுக்கு வந்தது.

"பூவிழி, இதை நான் என் விண்ணப்பத்துல போட்டுக்கலாமா? உம்பேரோட?"

"எடுத்துக்கோ. எம்பேரு எதுக்குடி? கேட்டதே நீதான?"

"எதை?"

"அந்தக் கேள்விய. வகுப்புல நீ கேட்டியே, ஏசுசாமி மூணு நாள்ல எழுந்தாரு, புல்லு எத்தினி நாள்ல எழும்னு? டீச்சர் கூட அடிக்கடி சொல்லுவாங்களே, ஆக்சிலியா கேட்ட கேள்விக்குக் கண்காட்சில பரிசு கெடைச்சுதுன்னு. நீ அன்னிக்குக் கேட்டதத்தான் நான் இங்க பாத்துக்கிட்டிருக்கேன்."

வெளியே புளிய மரத்தில் ஏதோ பறவை ஒன்று விட்டுவிட்டுக் கூவியது. ஆக்சிலியா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"நான் கேக்கல பூவிழி. நீதான் கேட்ட."

பூவிழி சிரித்தாள். "போடி. எனக்கு அப்ப அவ்ளோ அறிவு ஏது?"

"நிஜமாத்தான். கையில புல்லு வெச்சிருந்த. அதுக்காக மண்டிபோட வெச்சாங்க."

"மண்டிபோட்டது நல்லா ஞாபகம் இருக்குது" என்றாள் பூவிழி. சேலைக்கு மேலேயே முழங்காலைத் தடவிக்கொண்டாள். "மணலு என்னா சூடு! ஆனா எதுக்குன்னு ஞாபகமில்ல. பேசிக்கிட்டிருந்திருப்பேன். நான்தான் சும்மா இருக்க மாட்டனே."

ஆக்சிலியா மறுபடியும் சொன்னாள். தொட்டியடி, கொட்டாங்கச்சி, இரண்டாம் நாள் காலை, எல்லாவற்றையும் சொன்னாள். கண்காட்சியில் தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். பூவிழி பொறுமையாகக் கேட்டாள். வந்த விருந்தாளி தன்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக இட்டுக்கட்டுகிறாள் என்பது போல அன்பாகக் கேட்டாள். கடைசியில் அவள் கன்னத்தைத் தட்டி, "உனக்கு எப்பவும் நல்ல மனசுடி. படிச்சவங்க இப்படித்தான் கூடப் படிச்சவங்களையும் தூக்கி வெப்பாங்க. இரு, டீ வெக்கிறேன்" என்று எழுந்துபோய்விட்டாள்.

ஒருத்தரிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, அது என்னுடையதே இல்லை என்று அவரே சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேள்வி அவளிடமிருந்து எடுக்கப்பட்டபோது அதன் நினைவும் கூடவே போய்விட்டது. முழங்கால் சூடு மட்டும் அவளிடம் மிஞ்சியது. ஆக்சிலியா தகர டப்பாவின் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். இனி இதை நினைவில் வைத்திருப்பவர்கள் உலகத்தில் அவளும் ஆண்டவரும்தான். உபதேசியார் இறந்து பத்து வருடமாகிறது.

கிளம்பும்போது பூவிழி ஒரு படி சாமையும், பிரிக்காத ஒரு பொட்டலமும் கொடுத்தாள். "இது அஞ்சாவது வருசத்துது. இந்தப் பங்குனிக்கே பிரிக்கோணும். புளி வேலையில விட்டுப்போச்சு. நீயே பிரிச்சுப் பாரு. எழுந்தா போன் பண்ணு."

"எழலைன்னா?"

"எழலைன்னாலும் பண்ணு. அதையும் எழுதி வெக்கோணுமில்ல?"

*

திங்கள்கிழமை மதியம் இரண்டு மணி. விண்ணப்பம் திறந்திருந்தது. முதலில் மூன்றாம் வருடக் கட்டத்துக்குப் போனாள். பத்தை அழித்தாள். 'தெரியவில்லை. மாதிரிகள் ஏப்ரலில் தவறுதலாக நனைந்துவிட்டன' என்று எழுதினாள். கீழே, சித்தேரி விவசாயி பூவிழி நான்கு வருடமாகத் தனியாகச் செய்துவரும் பதிவுகள் என்று தலைப்பிட்டு, கோழி கொத்தியது உட்பட எல்லாவற்றையும் சேர்த்தாள். இதைப் படிக்கிற பெரியவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அவளும் ஒரு நாள் சிரித்தவள்தானே.

ஏழாம் வகுப்பில் வாங்கிய அந்தப் பரிசு டம்ளரை எடுத்தாள். அம்மா அதைப் புளி போட்டு விளக்கி, மேரி மாதா படத்துக்கு முன்னால் பூ வைக்க வைத்திருந்தாள். காலண்டர் பொட்டலத்தைப் பிரித்தாள். பத்துக் கொத்துப் புல், கருகிச் சுருண்டு, உள்ளங்கையில் எடையே இல்லாமல் கிடந்தன. ஒன்பதை மண் நிரப்பிய தட்டில் வைத்தாள். பத்தாவதை டம்ளரில் கொஞ்சம் மண் போட்டு நட்டு சன்னலில் வைத்தாள்.

ராஜமேரி கதவோரம் வந்து நின்றாள். கையில் தீர்த்த பாட்டில். உள்ளே வரவில்லை. "இப்ப... தெளிக்கலாமா கண்ணு? வேண்டாம்னா வேண்டாம்."

ஆக்சிலியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "தெளிம்மா. இப்ப இதுக்குத் தண்ணிதான் வேணும்."

ராஜமேரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, உதடு அசைய, விரலால் தொட்டுத் தொட்டு எல்லாக் கொத்துக்கும் தெளித்தாள். மீதியை ஊற்றினாள். "இதுக்கு எத்தினி நாளாகும்?"

"தெரியாதும்மா. எழாமலும் போகலாம். அஞ்சு வருசம் ஆச்சு."

"எழும்" என்று சொல்லிவிட்டு, உடனே பயந்தவளாக, "ஆண்டவருக்குச் சித்தமானா" என்றும் சேர்த்துக்கொண்டு, மூன்று மணி செபத்துக்குக் கோயிலுக்குக் கிளம்பினாள். கஸ்பார் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. கூரைத் தகரத்தில் அணில் ஓடுகிற சத்தம் மட்டும்.

ஆக்சிலியா படிவத்தில் மேலே போனாள், முதல் பெட்டிக்கு. இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படித் தோன்றியது? படிவத்தின் முடிவில் ஓர் உறுதிமொழி இருந்தது: ஆய்வின் மையக் கருத்து விண்ணப்பிப்பவருடையது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவரும் புருவத்தை உயர்த்துவார்கள். கேள்வி உங்களுடையது இல்லை, விடையில் பாதியும் உங்களுடையது இல்லை, பிறகு உங்களுக்கு எதற்கு விருது? மாதவராஜ் சார் என்ன சொல்வார் என்பதும் தெரியும். அவருக்கு நாளைக்குத்தான் சொல்ல வேண்டும்.

உறுதிமொழிக் கட்டத்தில் அவள் டிக் செய்தாள். அடுத்திருந்த குறிப்புப் பெட்டியில், 'ஆய்வுத் திட்டம் என்னுடையது. கேள்வி என்னுடையது இல்லை' என்று எழுதினாள். பிறகு முதல் வரிக்குத் திரும்பினாள். அது நிதானமாக நடந்தது. மாற்றிய வரி இப்படி இருந்தது: எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஞானோபதேச வகுப்பில் என் தோழி பூவிழி கேட்டாள். அவளை மணலில் மண்டிபோட வைத்தார்கள். நான் சிரித்தேன். அந்தப் பக்கத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள். இத்தனை வருடமும் அவள் சொல்லி வந்த கதையைவிட இது சின்னது. முழங்கால் வலிக்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மலையில் இந்நேரம் பூவிழி புளி தட்டிக்கொண்டிருப்பாள். இது அவளுக்குத் தெரியப் போவதில்லை. தெரிந்தாலும் நம்ப மாட்டாள்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஆக்சிலியா அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. கிராமத்து நெட்வொர்க், நின்று நின்று சுற்றியது. அவள் அதைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தாள். சாயும் வெயில் டம்ளரின் விளிம்பில் ஏறி, கூரையில் ஒரு வெளிச்ச வளையமாக நடுங்கியது. டம்ளருக்குள் ஈரமண்ணில் அந்தக் கருத்த புல், இறுகச் சுருண்டிருந்த ஓர் இலையின் நுனியை மட்டும், யாரோ கூப்பிட்டது காதில் விழுந்து, கனவா நிஜமா என்று கேட்பது போல, ஒரு மயிரிழை அளவுக்குத் தளர்த்தியிருந்தது.